நாட்டுத் துப்பாக்கி: செங்கற்பட்டுச் சீமையில்

நாட்டுத் துப்பாக்கி என்பது, குழலின் வாய்வழியாகவே வெடிமருந்தையும் ஈய ரவையையும் இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கப்படும் ஒற்றைக்குழல் துப்பாக்கியாகும். ஆயத்தமாகக் கடையில் வாங்கும் தோட்டாவுக்கு அதில் இடமில்லை. ஒவ்வொரு வேட்டையும் அதனை வைத்திருப்பவரே தம் கையால் ஆக்கிக்கொள்ள வேண்டும். மேல்நாடுகளில், சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, அவற்றில் அடிபட்டால் பொறியெழுப்பும் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் பொருத்தி மறுபடியும் தோட்டாவாக்கிக் கொள்வது பலருக்கு ஓய்வுநேர வினோதமாக இருக்க, இந்தியாவிலோ அக்காரியத்தைச் சட்டம் ஆயுத உற்பத்தியின் பாற்படுத்தியிருக்கிறபடியால், சாதாரணக் குடிமகன் ஒருவன் தானே மருந்தை அளந்து கெட்டித்துச் சுடுவதற்கு முறைப்படி உரிய கருவியாக எஞ்சி நிற்பது இந்த எளிய துப்பாக்கி ஒன்றே எனலாம். செங்கற்பட்டு, மதுராந்தகம், செய்யூர் ஆகிய ஊர்ப்புறங்களிலும் மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைப் பிரதேசத்திலும் பயிர்க்காவலுக்கும் சிறு வேட்டைக்கும் இது நெடுங்காலம் உபயோகப்பட்டு வந்தது.

இப்பிரதேசத்துக்குத் துப்பாக்கி புதிதன்று. 1752-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் கைப்பற்றிய செங்கற்பட்டுக் கோட்டையும், டச்சுக்காரர்கள் வாணிபம் நடத்திய சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையும், பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1760-இல் ஆங்கிலேயர் வசமான ஆலம்பரைக் கோட்டையும் இச்சீமையிலேயே ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்திருக்க, அவற்றைக் காத்தவரும் தாக்கியவரும் ஏந்திய துப்பாக்கிகள் யாவும் வாய்வழி கெட்டிக்கும் இனத்தைச் சேர்ந்தவையே. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற இந்தச் சீமையில் அதன் சிப்பாய்கள் தங்கியபோது, துப்பாக்கி போர்க்களத்தைவிட்டு ஏரிக்கரைக்கு வந்தது. வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டிய பறவைகளை அவர்கள் சுட்டு வீழ்த்தத் தொடங்கவே, பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயல்களுக்கு உரமாவதைப் பரம்பரை அனுபவத்தால் அறிந்திருந்த கிராமத்தார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, அங்குச் சுடலாகாது என்னும் எழுத்துமூல உறுதியாகிய கவுலை 1798-இல் பெற்றனர். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் ஏரி முறையான சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. துப்பாக்கியின் எல்லையை அரசாங்கம் வகுக்குமுன் உழவரே வகுத்துக்கொண்ட இந்நிகழ்ச்சி, இச்சீமையின் சரித்திரத்தில் பெருமையோடு சொல்லத்தக்கது.

வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. சுதந்திரத்துக்குப்பின் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் அமலான 1959-ஆம் ஆண்டுச் சட்டமோ அந்த வேற்றுமைக்கு இடம் தரவில்லை. அதன் 13-ஆம் பிரிவில் ஏழை உழவனுக்கென்றே எழுதியதுபோன்ற ஒரு விதி உண்டு: உண்மையான பயிர்க்காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி வேண்டுமென்று ஒருவர் கேட்டால், தடையாகச் சட்டம் கூறும் காரணங்கள் இல்லாதபோது, அதிகாரி உரிமம் வழங்க வேண்டும், பயிர்க்காவலுக்கு அத்துப்பாக்கி போதாதென்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வேறு வழுக்குக்குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்க, நாட்டுத் துப்பாக்கிக்குச் சட்டமே காரணத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. இவ்விதியை அறியாமல், உரிமம் என்பது செல்வந்தருக்கே உரியது என்றெண்ணிக் கொல்லுப்பட்டறையில் தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த கள்ளத் துப்பாக்கியை வாங்கி, கையையும் இழந்து சிறையையும் அடைந்தவர்கள் பலர் என்பது வருந்தத்தக்கது.

கெட்டிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதற்காரியம் குழல் வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது. வெறுங்குழலில் கோலை இறக்கினால் எதுவரை இறங்குமோ அவ்விடத்தில் கோலில் ஒரு கீறல் போட்டு வைத்திருப்பார்கள்; கீறல் வாய்க்கு மேலே நின்றால் உள்ளே பழைய மருந்து இருக்கிறதென்று பொருள். பிறகு அளவுக் குப்பியிலிருந்து கரிமருந்து குழலுக்குள் விழும். அதன்மேல் தேங்காய் நாரோ, பழந்துணியோ, காகிதமோ அடைப்பாகச் சென்று கோலால் இடிபடும். அடுத்து ரவை, வாயைக் கீழே சாய்த்தால் ரவை உருண்டு வந்துவிடாதபடி அதன்மேலும் ஓர் அடைப்பு. மருந்துக்கும் அடைப்புக்கும் இடையே வெற்றிடம் நேர்ந்தால் குழல் வெடிக்கும் அபாயம் உண்டாதலால், இடியின் ஓசை மாறிக் கோல் துள்ளி எழும்வரை இடிப்பார்கள். இவ்வளவும் முடிந்த பின்னரே, சுத்தியல் போன்ற குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, குழலடிக் குமிழின்மேல் கேப்பு பொருத்தப்படும். கேப்பு எப்போதும் இறுதியில்தான். அதனை முதலிலேயே பொருத்திவிட்டுக் குழல்வாயின்மேல் குனிந்து இடிப்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். குதிரை அடித்தும் வேட்டு எழாவிடில், மருந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம் என்று, வாயை ஆளில்லாத திசையில் வைத்தபடியே பொறுத்திருப்பர்.

கடற்கரையில் இக்கருவியைப் பேணுவது தனிக் கலை. கரிமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு ஈரத்தை இழுக்கும். உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் ஓரிரவிலேயே துரு ஏறிவிடும். ஆகையால் சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி வைப்பது வழக்கம். எண்ணெய் மட்டும் போதுமென்று நினைப்பது தவறு. கசட்டைக் கரைப்பது நீரே.

குழலின் பின்புறத்தில் தோட்டாவை இடும் பழைய பின்வழித் துப்பாக்கிகளும் இச்சீமையின் பெரிய வீடுகளில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை பன்னிரண்டாம் துளை இரட்டைக்குழல்கள். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுவே அக்குழலின் துளை, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். பர்மிங்ஹாமிலிருந்து வந்த பழைய துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுப்பவர், முதலில் குழலைக் கழற்றி அதன் அடித்தட்டில் உள்ள சோதனை முத்திரைகளைப் பார்க்க வேண்டும். இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்து வரிவரியாகத் தோன்றும் டமாஸ்கஸ் குழல்கள் கரிமருந்தின் மெதுவான அழுத்தத்துக்கென்று சோதிக்கப்பட்டவை. அவற்றில் இக்காலத்துப் புகையில்லா மருந்துத் தோட்டாவை இடுவது பெருந்தீங்கு. 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவை நுழைப்பதும் அத்தகையதே: தோட்டா உள்ளே சுகமாக அமர்ந்துவிடும், ஆனால் சுடும்போது மடிந்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிஞ்சும். அழகிய வேலைப்பாட்டில் மயங்கி இவற்றைப் பாராமல் வாங்குவோர் பலராதலால் இதனை வற்புறுத்திச் சொல்ல நேர்கிறது. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி தடைப்பட்டபின், பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் விலை அவற்றின் தகுதிக்கு மிஞ்சி ஏறியது. சிக்கனமாக வாங்க விரும்புவோர்க்கு உள்நாட்டுத் தொழிற்சாலைத் துப்பாக்கிகளும், கிர்க்கியில் செய்யப்படும் சக்திமான் தோட்டாக்களும் இருக்கின்றன. இஷாப்பூரில் செய்யப்படும் .315 ரைஃபிள், ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் கையில் புழங்கலாகாது என்ற பழைய கொள்கையின் விளைவு. நம் மாநிலத்திலேயே அருவங்காட்டில் 1904 முதல் கார்டைட் என்னும் புகையில்லா மருந்தும், திருச்சிராப்பள்ளியில் 1966-இல் ஏற்பட்ட தொழிற்சாலையில் துப்பாக்கிகளும் செய்யப்பட்டு வந்துள்ளன.

பித்தளைக் கூடுகளில் தோட்டாவை மறுபடி கெட்டிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரரிடையே சாதாரணமாக இருந்தது. கடை தொலைவிலிருந்த முகாம்களில் அதுவே உசிதமும் ஆயிற்று. இன்றைய சட்டப்படி, உற்பத்தி உரிமமின்றி அதற்கு வழியில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ‘வெடிபொருள்’ என்பதற்குத் தந்துள்ள இலக்கணத்தில் முழுத் தோட்டா மட்டுமன்று, அதன் உறுப்புக்களும், அதனைச் செய்யும் இயந்திரமுங்கூட அடங்கும். எனவே மேல்நாட்டில் மேசை ஓரத்தில் திருகி வைக்கப்படும் கெட்டிக்கும் அழுத்தி, இங்கே சட்டத்தின் கண்ணில் தானே ஒரு வெடிபொருளாகிவிடுகிறது. 5-ஆம் பிரிவு உரிமமின்றி உற்பத்தி செய்வதைத் தடுக்க, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குற்றத்துக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனையை உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தோட்டாவைத் தாமே மறுபடி கெட்டிக்க இயலாமை, குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் தேர்ந்தவர்களுக்கு ஒரு நஷ்டமே. எனினும், கேப்பும் மருந்தும் கணக்கின்றிப் புழங்கும் நாட்டில் கள்ளத் துப்பாக்கியைத் தடுப்பது எவ்வளவு அரிதென்பதை எண்ணும்போது, சட்டத்தின் கடுமைக்கு நியாயம் இல்லாமலில்லை.

நாட்டுத் துப்பாக்கியோடு நெருங்கிய சம்பந்தமுடையவர்கள் நரிக்குறவர்கள். வாக்ரிபோலி பேசும் இச்சமூகத்தார், தோளில் நாட்டுத் துப்பாக்கியும் கையில் கண்ணியுமாக ஏரிக்கரைகளிலும் கரம்புகளிலும் நரி, முயல், காடை, கொக்கு முதலியவற்றை வேட்டையாடி வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்துக்குள் சுருக்கியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமத்தையும் நீக்கியது. சரணாலயத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் வசிப்போர் தம் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும், தலைமை வனஉயிர்க் காப்பாளரின் இசைவின்றி அங்குப் புதிய உரிமம் கூடாது என்று அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு விதித்தமையால், வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சூழ்ந்த வட்டாரத்தில் துப்பாக்கியின் நடமாட்டம் மேலும் சுருங்கியது. பறவைகளுக்கு இது நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் தொழிலை இழந்தவர்களுக்கு ஈடு செய்வதில் சமூகம் ஒரேவிதமாக நடந்துகொள்ளவில்லை. பாம்புத் தோல் வாணிபம் தடைப்பட்டபோது பாம்பு பிடிக்கும் இருளர்களின் பரம்பரை அறிவு வீணாகாமல், 1978-இல் ஏற்பட்ட பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நஞ்சு எடுத்து மருந்துக்கு அளிக்கும் தொழிலாக அதனை மாற்றித் தந்தது. பறவையின் குரலையும் தடத்தையும் அதே நுட்பத்தோடு அறிந்திருந்த நரிக்குறவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு வாய்க்கவில்லை. கடற்கரைக் கோயில் வாசலில் பாசிமணி விற்பதே அவர்களுக்குக் கிடைத்த மாற்று. பறவைக் கணக்கெடுப்பிலும் சரணாலயக் காவலிலும் அவர்களை முறையாக ஈடுபடுத்தியிருந்தால் இரு தரப்புக்கும் பயன் விளைந்திருக்கும். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு 2021 நவம்பரில் முதலமைச்சர் நேரில் பட்டா வழங்கியதும், 2023-இல் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் அண்மைக்கால மாற்றங்கள்.

பயிர்க்காவல் என்னும் காரணமும் இன்று பெயரளவிலேயே நிற்கிறது. வேர்க்கடலைக் கொல்லையைக் கிளறும் காட்டுப்பன்றியை விரட்ட வெற்று வேட்டு உதவலாம். உழவர் தாமே அதனைச் சுடுவதற்கு அனுமதியில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். இதற்கிடையே தேர்தல் வரும்போதெல்லாம் உரிமத் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் திரும்பப் பெறும் கடமை உரிமையாளரைத் தொடர்கிறது.

ஆகவே இப்போது எழும் பிரச்னை பெரும்பாலும் வாரிசுரிமை பற்றியதே. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமையாளர் எழுபது வயதை எய்தினாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தாம் குறிக்கும் சட்டப்படியான வாரிசுக்கு அது மாறலாம். இறந்துவிட்டால் வாரிசு விண்ணப்பிக்கலாம். உரிமம் கிடைக்கும்வரை துப்பாக்கி வீட்டில் இருத்தலாகாது. காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பழுது நீக்கினாலும் சுட இயலாத, வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள துப்பாக்கிகளுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் காத்துவரும் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில், குப்பி, கோல், ரவைப்பை சகிதமாக ஒரு நரிக்குறவரின் துப்பாக்கியும் இடம்பெறுவது அவசியம். கெட்டிக்கும் முறையைக் கண்ணால் கண்டவர்கள் முதுமை எய்திவிட்டபடியால், அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதையும் தாமதிக்கலாகாது.