வட்டத்தொட்டியில் யாரும் எழுதவில்லை

சனி, ஞாயிறு ரெண்டு நாள் எங்கேயாவது போய் உட்கார்ந்து எழுதலாம்னு எங்க எழுத்து நண்பர்கள் குழுவில் ஒரு மாசமா பேச்சு. விம்கோ நகர், எண்ணூர், ராயபுரம்னு பக்கத்துப் பக்கத்து ஏரியாக்காரங்க ஆறு பேர். ஒருத்தர் உடனே ஒரு ஷீட் போட்டுட்டார்: காலையில் மூணு மணி நேரம் மௌனம், ஆளுக்குத் தனி அறை, ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை. பார்த்ததும் எனக்கு ஆபீஸ் ஸ்பிரிண்ட் பிளானிங்தான் ஞாபகம் வந்தது. ஆனா அதுலேர்ந்து ஒரு நல்ல கேள்வி கிடைச்சது. எழுதுறவங்க இப்படிச் சேர்ந்து உட்கார்றது தமிழில் எப்படி நடந்திருக்கு? அங்கே உண்மையிலேயே எழுதினாங்களா?

தனி அறை, மௌனம் எல்லாம் அமெரிக்க வழி. நியூ ஹாம்ப்ஷயரில் 1907-ல் தொடங்கிய மெக்டவல்ல, மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வெச்சுட்டுப் போயிடுவாங்க. உள்ளே இருக்கிறவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது. தமிழ்ல நான் தேடினப்போ கிடைச்சது இதுக்கு நேர் எதிர்.

ரசிகமணி டி.கே.சி., அதாவது டி.கே.சிதம்பரநாத முதலியார். சட்டம் படிச்சவர், ஆனா வக்கீல் தொழிலில் அவருக்கு மனசு ஒட்டலை. 1930களின் முதல் பாதியில் அறநிலைய வாரிய ஆணையராக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடுவாங்க. அந்தக் கூட்டத்துக்குப் பேர்தான் வட்டத்தொட்டி. தெற்கே தொட்டிக்கட்டு வீடுன்னு சொல்வாங்களே, நடுவில் வானம் தெரியுற முற்றம் இருக்குமே, அந்தத் தொட்டி. பாஸ்கரத் தொண்டைமான், அ.சீனிவாசராகவன், மீ.ப.சோமு, பின்னாளில் ஹைகோர்ட் நீதிபதியான எஸ்.மகராஜன் எல்லாரும் அந்த வட்டத்து ஆட்கள். டி.கே.சி. குற்றாலத்துக்குக் குடிபோனதும் கூட்டமும் கூடவே போச்சு. சாரல் சீசன்ல கல்கியும் ராஜாஜியும் அங்கே வந்து தங்குவாங்க.

வந்து என்ன பண்ணாங்க? கம்பன்லேர்ந்தோ முத்தொள்ளாயிரத்திலேர்ந்தோ ஒரு பாட்டு. டி.கே.சி. அதை வாய்விட்டுச் சொல்வார். சந்தியைப் பிரிச்சு, நிறுத்தி, அதே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். உரை சொல்றதைவிட, பாட்டு காதில் எப்படி விழுதுங்கிறதுதான் அவருக்கு முக்கியம். யாரும் பேனாவைத் திறக்கலை. டி.கே.சி.யே குறைவாகத்தான் எழுதினார். அவர் எழுத்தில் பெரும்பகுதி நண்பர்களுக்குப் போட்ட கடிதங்கள். ‘கல்கி’ பத்திரிகையில் அவருடைய கம்பர் தொடர் வந்தப்போ, அதுவும் எதிரே உட்கார்ந்து பேசுற மாதிரியேதான் இருந்தது. 1930, 40களில் பண்டிதத் தமிழ் எப்படி இருந்ததுன்னு பழைய உரைநூல் ஒண்ணைப் புரட்டிப் பாருங்க, வித்தியாசம் ஒரே பக்கத்தில் தெரிஞ்சிடும்.

இதில் ஒரு பிரச்சினையும் இருக்கு, அதை மூடி மறைக்கக் கூடாது. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் பெரும்பகுதி இடைச்செருகல்னு டி.கே.சி. முடிவு பண்ணிட்டார். தன் காதுக்குச் சரின்னு பட்டதை மட்டும் எடுத்து, சில இடத்தில் சொல்லையும் மாற்றி, ‘கம்பர் தரும் ராமாயணம்’னு பதிப்பிச்சார். அதே திருநெல்வேலிக்காரர் எஸ்.வையாபுரிப் பிள்ளை ஓலைச்சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பதிப்பிச்சவர். பாடபேதம் இருந்தா அதையும் காட்டுவார். டி.கே.சி.க்கு ஆதாரம் காது. என் தொழில் பாஷையில் சொன்னா, ரிவ்யூ இல்லாம நேரா மெயின் பிராஞ்ச்ல மாற்றம் பண்ற வேலை இது. சுற்றிலும் ரசிகர்களே உட்கார்ந்திருந்தா யார்தான் ரிவ்யூ பண்ணுவாங்க? ஒரு குருவைச் சுற்றி அமையும் எந்த வட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

இன்னொண்ணு, செலவு. வீடு, சாப்பாடு, நேரம் எல்லாம் டி.கே.சி.யுடையது. அந்த வீட்டு விருந்தோம்பல் பிரபலம். ஆனா சமையல்கட்டு ஓயாம நடந்தாத்தானே முற்றத்தில் கம்பன் ஓடும்? எழுதணும்னா பணமும் தனக்குன்னு ஒரு அறையும் வேணும்னு வர்ஜினியா வுல்ஃப் 1929-ல் எழுதினது பெண்களைப் பற்றி. எங்க பக்கத்தில் ஞாயிறும் ஷிப்ட்டுக்குப் போறவருக்கும் அது பொருந்தும். ஞாயிறு மாலை அஞ்சு மணிக்கு ஃப்ரீயா இருக்கிறதே ஒரு சொத்து.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. காலமானார். அதே வருஷம் டிசம்பரில் கல்கியும். பல வருஷம் கழிச்சு, அதே குற்றாலத்தில் கவிஞர் கலாப்ரியா ‘பதிவுகள்’ங்கிற பேரில் கவிஞர்களைக் கூட்டினார். அப்புறம் ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் ஜெயமோகனும் நண்பர்களும் நடத்தின முகாம்கள். நித்ய சைதன்ய யதி இருந்த இடம் அது. குடி கூடாது, நேரத்துக்கு வரணும், தனிப்பட்ட தாக்குதல் கூடாதுன்னு அங்கே கறாரான விதிகள். இந்த ரெண்டு இடத்திலும் முக்கிய வேலை படிக்கிறது, வாதாடுறது. ஆளுக்கொரு மூலையில் எழுதுறது இல்லை.

அப்போ வட்டத்தொட்டியால எழுத்தே வரலையா? வந்தது, ஆனா அங்கே இல்லை. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலிலிருந்து ரெண்டு சிநேகிதர்கள் டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலம் போவாங்க. ரெண்டு பேரும் 1923-ல் பிறந்தவங்க. ஒருத்தர் கு.அழகிரிசாமி, பிறகு கம்பராமாயணப் பதிப்பு வேலையில் உழைச்சவர், ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக 1970-ல், இறந்த பிறகு, சாகித்திய அகாதமி விருது பெற்றவர். இன்னொருத்தர் கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காத விவசாயி. பேசுற தமிழிலும் அழகு இருக்குன்னு குற்றாலத்தில் கேட்டதை அவர் கரிசல் காட்டுக்குக் கொண்டுபோனார். அந்த மக்கள் வாயில் புழங்கின சொற்களைச் சேர்த்து ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியே போட்டார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-ல் சாகித்திய அகாதமி விருது. ஆனா அவருடைய கதைகள் வரிசையா அச்சில் வரத் தொடங்கினது 1950களின் கடைசியில். டி.கே.சி. அதைப் படிக்க இல்லை.