யோக்கியர்களின் கட்சி: லோக் பரித்ரானை முன்வைத்துச் சில குறிப்புகள்

2006 சட்டமன்றத் தேர்தலை இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2 ரூபாய் அரிசி, 96 இடங்களோடு அமைந்த தி.மு.க. ஆட்சி, விருத்தாசலத்தில் விஜயகாந்தின் வெற்றி என்றுதான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தேர்தலில் சென்னையின் 7 தொகுதிகளில் நின்று தோற்ற லோக் பரித்ரானை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஐ.ஐ.டி. பட்டதாரிகள் சிலர் தன்மய் ராஜ்புரோஹித்தைத் தலைவராகக் கொண்டு அவ்வாண்டின் தொடக்கத்தில் கண்ட கட்சி அது. மயிலாப்பூரிலும் அண்ணாநகரிலும் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. சேலையூரில் இருந்த எனக்கு அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு இல்லை. 'படிச்ச பசங்க வந்தா எல்லாம் சரியாயிடும்' என்று கேம்ப் ரோடு டீக்கடையில் நானும் பேசியிருக்கிறேன்.

இந்தப் பேச்சுக்குள் இயங்கும் சொல்லாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இதில் ஊழல் என்பது தனிமனித ஒழுக்கக்கேடாகச் சுருங்கிவிடுகிறது. யோக்கியர்கள் வந்தால் போதும். யோக்கியதைக்குச் சான்று, படிப்பு. அந்த ஏப்ரலில்தான் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு என்ற பேச்சு எழுந்து, 'தகுதி' என்ற சொல் எதிர்ப்பு முழக்கமாகத் தெருவுக்கு வந்திருந்தது. கட்சியை அந்தப் போராட்டத்தோடு முடிச்சுப்போடுவது என் நோக்கமல்ல. ஆனால் படிப்பை நேர்மையின் அடையாளமாக்கும்போது, படிப்பு யார் கைக்கு எட்டியது என்ற கேள்வி மறைந்துபோகிறது.

அடுத்த வருஷம், எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்த ஓர் அம்மா மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைந்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். சான்றிதழ் வாங்கித் தந்தவர் ஒரு கட்சிக்காரர், 200 ரூபாய் வாங்கிக்கொண்டு. 'எதுக்கும்மா குடுத்தீங்க?' என்றேன். 'காசு வாங்கினாருதான். ஆனா கூட வந்தாரு சார்' என்றார்.

இது லஞ்சத்துக்கு வக்காலத்து அல்ல. அரசோடு பேச மொழி மறுக்கப்பட்டவர்களுக்குக் கட்சிக்காரர்தான் வாசல். அந்த வாசலுக்கு மாற்று வைக்காமல் யோக்கியத்தை மட்டும் வைத்த கட்சிக்கு அந்த அம்மா ஏன் ஓட்டுப் போட வேண்டும்?

வேறு வழி இருந்தது. ராஜஸ்தானில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், கூலி எங்கே என்ற கேள்வியிலிருந்து தொடங்கியது. 1994 முதல் வேலைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள், கையெழுத்தறியாதவர்களே சாட்சிகள். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் குரல்கள் உண்டு. சட்டம் வந்த சில மாதங்களில் பிறந்த லோக் பரித்ரான் ஓரிடத்திலும் ஜெயிக்கவில்லை. சீக்கிரமே உடைந்து, பிரிந்தவர்கள் பாரத் புனர்நிர்மாண் தள் கண்டார்கள்.

அவர்களைக் கேலி செய்வது சுலபம். நல்ல வேலையை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் அவர்கள். நான் படிவம் நிரப்பியதோடு சரி. அன்றைக்கு அந்த அம்மாவோடு நான் போகவில்லை.