மூளை மலேரியாவும் குருதி உறைதற் புரதங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ அறிவின் வளர்ச்சியில் சரியான அவதானமும் பிழையான முடிபும் ஒருங்கே அமைவதுண்டு. மூளை மலேரியாவிற் குருதி உறைதல் பற்றிய ஆய்வு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1880இல் லவெரான் அல்ஜீரியாவில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். 1894இல் உரோமைச் சேர்ந்த மார்க்கியாபாவா, பிக்னாமி ஆகியோர், இந்நோயால் இறந்தோரின் மூளை நுண்குழாய்களில் ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் செறிந்திருந்தமையை விவரித்தனர். குழாய் அடைபடுதலே மரணத்துக்கு ஏதுவாகும் என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.

1960களில் ஆய்வாளர் கவனம் உறைதற் புரதங்களின்பாற் சென்றது. கடும் நோயாளரிடம் சிறுதட்டுக்கள் குறைந்தும் உறைதற் காரணிகள் செலவழிந்தும் காணப்பட்டன. உடலெங்கும் குழாய்களினுள்ளே குருதி உறைகின்றது எனக் கருதிய மருத்துவர் சிலர், உறைதலைத் தடுக்கும் ஹெப்பரினை வழங்கலாயினர். ஆயின், அத்தகைய பரந்த உறைதல் சிறுபான்மையினரிடமே நிகழ்கின்றதெனப் பிந்திய ஆய்வுகள் உணர்த்தின. ஹெப்பரினால் குருதிப் பெருக்கு அபாயம் மிகுந்தமையின் அம்முறை கைவிடப்பட்டது.

எனினும், உறைதல் பற்றிய வினா அத்துடன் முற்றுப்பெறவில்லை. குருதிக்குழாயின் உட்சுவரில் ‘புரதம் சி’ என்பதைப் பற்றும் வாங்கியொன்று உண்டு. அதன் துணையால் ஊக்கம்பெறும் இப்புரதம் உறைதலைக் கட்டுப்படுத்திக் குழாய்ச்சுவரையும் காக்கின்றது. கடும் மலேரியாவுடன் தொடர்புடைய ஒட்டுண்ணிப் புரதவகைகள் அவ்வாங்கியிலேயே ஒட்டுகின்றன என்பது 2013இல் வெளியாயிற்று. மூளை மலேரியாவால் இறந்த மலாவி நாட்டுச் சிறுவரின் மூளைக் குழாய்களில் அவ்வாங்கி குன்றியிருந்தமையும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. இயல்பாகவே மூளைக் குழாய்களில் அது குறைவாகும். எனவே உடல் முழுவதையும்விட மூளையிலேயே கட்டுப்பாடு தளர்கின்றது என நாம் விளங்கிக்கொள்ளலாம். 1960களின் அவதானம் பிழையன்று. அதனை உடல் முழுமைக்கும் பொதுமைப்படுத்தியதே பிழை.

இவ்வறிவு வறிய நாட்டுச் சிறுவரின் பிணப்பரிசோதனையாற் பெறப்பட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் இதனடிப்படையிலான மருந்தெதுவும் இன்னும் அவர்களைச் சென்றடையவில்லை. உயிர்காத்தது ஒட்டுண்ணியை விரைந்தழிக்கும் மருந்தே. ஒன்பது ஆபிரிக்க நாடுகளில் 5425 சிறுவரிடை நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வில், குயினைன் பெற்றோருள் 10.9 சதவீதத்தினரும் ஆர்ட்டிசுனேட் பெற்றோருள் 8.5 சதவீதத்தினரும் இறந்தனர். அம்மருந்து கிராமத்துச் சிறுவருக்கு உரிய வேளையிற் கிட்டுதல் ஆய்வுகூடத்துக்கு வெளியே தீர்க்கப்படவேண்டிய வினாவாகும். அவ்வினாவையும் இவ்வரலாற்றின் பகுதியாகவே நாம் கொள்ளுதல் வேண்டும்.