வலையைத் தூக்கிப் பறந்த பாட்டு

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது நம் பள்ளியின் பழக்கம். தாய்மொழிப் பற்று, திருக்குறளின் பெருமை, கல்வியின் அவசியம் என்று நல்ல தலைப்புகளையெல்லாம் மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு பாட்டு. அதுவும் டிவிப் பாட்டு! "டிவி பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிற வாத்தியார், டிவிப் பாட்டைப் பற்றியா எழுதுகிறார்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழத்தான் செய்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியாவில் பிள்ளைகளுக்காக எடுத்த ஒரு சின்னப் படத்தின் பாட்டு இன்னும் ஏன் மறக்கப்படவில்லை என்பது ஒரு நல்ல சரித்திரக் கதை. அந்தக் கதையின் ஒரு கிளை நம் மலாக்கா மண்ணிலும் வேரூன்றி இருக்கிறது.

பெட்டி வந்த காலம்

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வித் தொலைக்காட்சி 1972-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் எத்தனை வீட்டில் டிவி இருந்திருக்கும்? பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிராணி வீட்டுச் சன்னலுக்கு வெளியே, கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் நின்றுகொண்டே படம் பார்த்ததாக என் தகப்பனார் சொல்லுவார். ஒரே பெட்டி, அதைப் பார்க்க ஒரு லயமே கூடும்.

இந்தியாவிலும் இதே கதைதான். டெல்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆகிவிட்டது. பல காலம் தூர்தர்ஷன் என்ற அரசாங்கத் தொலைக்காட்சி ஒன்றுதான். ஒரு நிகழ்ச்சி முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் குறும்படங்களைப் போடுவார்கள். 1948-இல் அமைந்த பிலிம்ஸ் டிவிஷன் என்ற அரசாங்கப் படப்பிரிவு இத்தகைய படங்களை ஏராளமாக எடுத்துக் குவித்தது. குடும்பக் கட்டுப்பாடு, அம்மைத் தடுப்பு, அணைக்கட்டு என்று எத்தனையோ படங்கள் வந்தன, போயின. ஆனால் 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கேலிச்சித்திரப் படம் மட்டும் மக்கள் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் பெயர் 'ஏக் அநேக் ஔர் ஏக்தா'.

ஏதோ இந்திப் பெயர் என்று தள்ளிவிடாதீர்கள். ஏகம், அநேகம் என்ற சொற்கள் நமக்கும் தெரிந்தவைதான். "கல்யாணத்துக்கு அநேகம் பேர் வந்திருந்தாங்க" என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவதில்லையா? ஒன்று, பல, ஒற்றுமை. இதுதான் அந்தப் பெயரின் பொருள்.

படத்தைச் செய்தவர்கள்

படத்தை உருவாக்கியவர் ஒரு பெண்மணி. விஜயா முளே என்பது அவர் பெயர். 1921-இல் பிறந்து, 2019-இல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார். கல்வித் துறையில் பெரும் பதவி வகித்தவர். ஆனாலும் பழகியவர்கள் எல்லாரும் அவரை 'அக்கா' என்றே அழைத்தார்களாம். சித்திரங்களுக்கு உயிர் கொடுத்தவர் பீம்சைன். இசையமைத்தவர் புகழ்பெற்ற வசந்த் தேசாய். பாட்டை எழுதியவர் வினய் சந்திர மௌத்கல்யர் என்ற சங்கீத ஆசிரியர். ஒரு வாத்தியார் எழுதிய பாட்டு என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு!

பாடிய குரல் யாருடையது தெரியுமா? சாதனா சர்கம். 1969-இல் பிறந்தவர், அப்போது அவர் சின்னஞ்சிறு பெண். அதே சாதனா சர்கம்தான் வளர்ந்த பிறகு இளையராஜாவின் இசையில் 'அழகி' படத்தில் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடி, இந்தியாவின் தேசிய விருதையும் வாங்கினார். ஆக, அந்தக் குரல் உங்கள் வீட்டு வானொலியில் எப்போதோ ஒலித்த குரல்தான்.

படம் சுமார் ஏழு நிமிடம் ஓடும். கதை மிக எளியது. பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருக்கிறார்கள். ஒரு குட்டிப் பையனுக்கு 'அநேகம்' என்றால் என்னவென்று புரியவில்லை. அக்காவைக் கேட்கிறான். அக்கா அகராதியைத் தேடிப் போகவில்லை. வானத்தைக் காட்டுகிறாள், அணிலைக் காட்டுகிறாள், பறவையைக் காட்டுகிறாள். ஒன்று எது, பல எது என்று பையனுக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு அவள் ஒரு கதை சொல்கிறாள். இரை தேடி இறங்கிய பறவைகள் வேடன் வலையில் சிக்குகின்றன. ஒவ்வொன்றாகத் துடித்தால் ஆகாது என்று கண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் சிறகடித்து, வலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பறக்கின்றன. எலி நண்பர்கள் வலையைக் கடித்து விடுவிக்கிறார்கள். கதை கேட்ட பிள்ளைகள் தங்கள் கைக்கு எட்டாத மாம்பழத்தை ஒன்றுசேர்ந்து பறிக்கிறார்கள்.

சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. விருதைவிடப் பெரிய பரிசு ஒன்றும் கிடைத்தது. அன்று பெட்டியின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாட்டு இன்னும் மனப்பாடம்.

ஏன் நிலைத்தது?

அடிக்கடி போட்டார்கள், அதனால் மனத்தில் பதிந்தது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அம்மைத் தடுப்புப் படத்தையும் அடிக்கடிதான் போட்டார்கள்! அதை யார் பாடுகிறார்கள்?

பதினைந்து நிமிடம் ஒரு வகுப்பைக் கட்டிப்போடுவது எவ்வளவு பாடு என்று அறிந்த ஆசிரியன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். முதலாவது, பாட்டு ஒரு குழந்தையின் கேள்வியில் பிறக்கிறது. பெரியவர் உபதேசத்தில் பிறக்கவில்லை. இரண்டாவது, பதில் சொல்பவள் ஆசிரியை இல்லை, அக்கா. நம் லயங்களிலும் தம்பி தங்கைக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தது அக்காமார்கள்தானே? அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால், தலை வாரிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வந்தவள் அவள்தான். மூன்றாவது, ஒற்றுமையாக இருங்கள் என்று வாயால் சொல்லி முடித்துவிடாமல், அது வேலை செய்வதைக் கண்ணுக்குக் காட்டுகிறார்கள்.

நான்காவதுதான் முக்கியம். அந்தக் கதை 1974-இல் பிறந்ததே இல்லை. அது மிக மிகப் பழைய கதை.

கதை நடந்த தூரம்

புறாக்கள் வலையைத் தூக்கிப் பறந்த கதை பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் வருகிறது. நட்பைப் பற்றிய பகுதி அது. புறாக்களின் அரசன் பெயர் சித்திரக்கிரீவன். அவனுடைய எலி நண்பன் பெயர் இரணியகன். எலி ஓடிவந்து அரசனின் கட்டை முதலில் அறுக்கப் போகிறது. அரசன் தடுத்து, "முதலில் என் கூட்டத்தாரை விடுவி, கடைசியில் என்னை விடுவி" என்கிறான். தலைவன் என்பவன் யார் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

இந்தப் புத்தகம் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது. எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழியில் 'கலீலா வ திம்னா' ஆனது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும் பரவியது. தமிழில் தாண்டவராய முதலியார் எழுதிய பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். சுங்கை ஊடாங்கில் பஸ் ஏறினால் மலாக்கா பட்டணம். அங்கே கம்போங் பாலியில் 1796-இல் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வந்து, தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்து, பிறகு மலாக்காவுக்கு வந்தவர்கள். இளம் வயதில் தம் தகப்பனார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை அவரே தம் சுயசரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அந்நாள் மலாக்காவில் வியாபாரத்துக்கும் கணக்குக்கும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் படிப்பது வழக்கமாகவும் இருந்தது.

அந்தத் தமிழறிவைக் கொண்டுதான், ஒரு தமிழ் நண்பரின் துணையோடு, 1835-இல் மலாக்காவில் அவர் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். 'ஹிக்காயாட் பஞ்ச தந்திரன்' என்பது அந்த நூல். ஆக, டெல்லிப் பிள்ளைகள் பாடுவதற்கு 139 ஆண்டுகளுக்கு முன்பே பஞ்சதந்திரக் கதைகள் தமிழ் வழியாக நம் மாநிலத்தில் மலாய் பேசத் தொடங்கிவிட்டன! தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

நம்மவர் தூக்கிய வலை

புறாக் கதை வெறும் கதைதான் என்று நினைக்காதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலம் ஒன்று இருந்தது. வேலையும் போய் வீடும் போய் நம் மக்கள் தவித்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் முதலாவதாக வாங்கப்பட்டது. பத்து வெள்ளியால் தனியாள் ஒருவர் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது. சேர்ந்தபோது தோட்டமே வாங்க முடிந்தது. வலை மேலே எழும்பியதை நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

ஒரு பையன் கேட்ட கேள்வி

போன தவணையில் ஒரு நாள், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு என் கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். வகுப்பில் மொத்தம் பதினொரு பேர். தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் பாதியிலேயே ஒரு பெண் குதித்தாள். "சார், இது புறாக் கதை! எங்க பாட்டி சொல்லியிருக்காங்க!" அன்று பகல் முழுக்க அந்த மெட்டில் தங்கள் சொந்தச் சொற்களைப் போட்டுப் பாடிக்கொண்டே இருந்தார்கள். செம்பனைக் காயும் குரங்கும் பள்ளி பஸ்ஸும் அந்தப் பாட்டில் ஏறிக்கொண்டன.

மணியடித்த பிறகு ஒரு பையன் மட்டும் என் மேசைப் பக்கம் வந்து நின்றான். "சார், வலையை அறுத்ததுக்கப்புறம் அந்தப் பறவைங்க எல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் ஏன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு ஜொகூர் பக்கம் லோரி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டு முடிவில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். பதினொன்று, பத்தாகப் போகிறது. "நல்லா யோசிச்சுச் சொல்றேன்டா தம்பி" என்று அனுப்பி வைத்தேன்.

நல்ல சம்பளத்துக்கும் நல்ல வீட்டுக்கும் போகிறவர்களைக் குறை சொல்ல நான் யார்? பால் வாளியோடு பிள்ளைகளின் வாழ்க்கை முடிந்துவிடக் கூடாது என்றுதானே பள்ளிக்கூடம் வைத்திருக்கிறோம்? அறுந்த வலையிலிருந்து பறவைகள் நாலா திசையும் பறக்கத்தான் செய்யும். பறக்க வேண்டும் என்றுதான் எலியும் வலையை அறுத்தது.

ஆனால் ஒன்று. அந்தக் கதையைப் பாரசீகத்துக்குக் கொண்டு போனவர் ஒருவர், அரபு மொழிக்குக் கொண்டு போனவர் ஒருவர், மலாக்காவில் மலாய்க்குத் தந்தவர் ஒருவர். சொல்ல ஒரு வாய் இருந்ததால்தான் கதை பிழைத்தது. பாட்டும் அப்படித்தான். பெட்டி அதை ஊருக்குக் காட்டியது. பிழைக்க வைத்தது தாயும் அக்காவும் ஆசிரியரும்தான். பெட்டிகள் மாறிவிட்டன. கிராணி வீட்டு டிவி எங்கே போனதோ! பாட்டு இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள தமிழ்ப்பள்ளியின் வாசலை முதலில் விசாரியுங்கள். இரவில் பத்து நிமிடம் கைத்தொலைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்றைத் தமிழில் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, வீட்டில் பாட்டி இருந்தால் புறாக் கதையைக் கேளுங்கள். கேட்டதைத் தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். பறவைகள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் அப்பா. போகிற இடத்தில், ஒரு காலத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வலையைத் தூக்கினோம் என்று தங்கள் குஞ்சுகளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.