ஊடலும் துப்பும்: கொற்கை முத்து முதல் எந்திர நாய் வரை

தூத்துக்குடியை அடுத்துள்ள மாப்பிள்ளையூரணியின் பெயரில் ஒரு மணவுறவும் ஒரு நீர்நிலையும் சேர்ந்து நிற்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவது இக்கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக் குளிக்க ஆழத்தில் இறங்குபவனின் கயிற்றைத் தோணியிலிருந்து பிடிக்க வேண்டியவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானே என்பது முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வழங்கிவந்த மரபு. கூலிக்கு வந்தவன் கயிற்றின் அசைவைக் கவனியாது விடலாம். தன் தங்கையின் தாலி அக்கயிற்றின் மறுமுனையில் தொங்குகிறது என்று அறிந்தவன் விடமாட்டான். ஒரு மூச்சின் அளவுக்குள் ஓர் உயிர் மேலே வருவதும் வாராமற் போவதும் மணவுறவின் மேல் வைத்த நம்பிக்கையைச் சார்ந்திருந்தன. அந்த நம்பிக்கை நெகிழ்ந்து ஐயமாகும் இடத்தில் இலக்கியம் ஊடலைக் காண்கிறது. சில வேளைகளில் அதே இடத்தில் ஒரு கொலையையும் காண்கிறது.

வருங்கால நகரம் ஒன்றில் கொலையை ஆராயும் துப்பறிவாளன், வீட்டிற்குத் திரும்பியதும் துணைவியின் பொறாமைக்கும் விடை கூற வேண்டியவனாக நிற்பதை அறிவியற் புனைகதை படைத்துக் காட்டியபோது, பலர் அதனை முற்றிலும் புதிய கற்பனையெனக் கொண்டனர். தமிழ் மாணவர்க்கு அது அவ்வளவு புதியதாகத் தோன்ற வேண்டுவதில்லை. வழக்கை ஆராய வேண்டியவனின் நெஞ்சம் மனையாளின் ஊடலில் சிக்கிக் கிடந்ததால் ஓர் உயிர் மாய்ந்த கதையைச் சிலப்பதிகாரம் முன்பே சொல்லிவிட்டது.

கொலைக்களக் காதையின் அப்பகுதியைக் கதைச் சுருக்கங்கள் பெரும்பாலும் ஒரே தொடரில் கடந்துவிடுகின்றன. பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான் என்பதோடு அவை நின்றுவிடும். ஏன் ஆராயவில்லை என்பதற்கு இளங்கோ தரும் காரணமோ மிக நுட்பமானது. ஆடல் மகளிரின் கூத்திலும் பாடலிலும் மன்னன் உள்ளம் ஈடுபட்டது. அருகிருந்த கோப்பெருந்தேவி அதனைக் கண்டாள். அவையில் சினத்தைக் காட்டுதல் தகாது என்று, தலைநோயைக் காரணமாகச் சொல்லி, ஊடலை மறைத்துக்கொண்டு எழுந்து சென்றாள். மன்னனுக்கு அவள் நோய் எதுவெனத் தெரியும். அமைச்சர் சுற்றத்தை நீங்கி, ஏவல் மகளிர் உடன்வர, அவள் இருப்பிடம் நோக்கி விரைந்தான். அவ்விடைவழியில், அந்தப்புரத்து வாயிலில், பொற்கொல்லன் அவன் காலில் விழுந்தான்.

வழக்கு வந்த இடம் அறங்கூறு அவையன்று. ஆலோசனை கூறும் அமைச்சர் எவரும் அருகில் இல்லை. கேட்பவன் மனமோ இரண்டு அடி தொலைவில் மூடிக்கிடக்கும் கதவின் மேல் இருக்கிறது. இந்நிலையில் ஒருவன் வந்து, காணாமற் போன சிலம்பும் கள்வனும் தன் குடிலில் உள்ளனர் என்கிறான். ஊர்காப்பாளரை அழைத்து மன்னன் இட்ட ஆணை மிகச் சிறியது. ‘கொல்ல’ என்று எண்ணியவன் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என உரை மரபு விளக்கம் கூறும். அதனை வினைப்பயன் என்பர். கவிஞர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்கலாம்: ஓர் எச்சத்திற்கும் மற்றோர் எச்சத்திற்கும் இடைப்பட்ட வேறுபாடு இங்கே ஒரு மனிதனின் கழுத்து.

இதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. அது அத்துணை பேசப்படவில்லை. தொலைந்த பொருளை அடையாளம் காட்டத்தக்கவர் எவர்? அதனை நாள்தோறும் காலில் அணிந்தவர். தேவியின் சிலம்பில் பரலாக இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கங்கள். கோவலனிடமிருந்த சிலம்பைக் கொணர்ந்து தேவியின் கையில் கொடுத்திருந்தால், அவள் அதனை உடைக்கவும் வேண்டியதில்லை. ஒருமுறை அசைத்தாலே ஓசை வேற்றுமை சொல்லியிருக்கும். ஆனால் அந்த ஒரே சான்றாளர் கதவடைத்துக்கொண்டு ஊடியிருந்தாள். அவளை வினவ வேண்டியவனோ அவளுக்கு என்ன சொல்வது என்ற எண்ணத்திலேயே இருந்தான். மன்னனின் நேரத்தை மட்டுமன்றி, வழக்கின் முதற் சாட்சியையும் ஊடல் கொண்டுபோயிற்று. சாட்சியம் கூறும் நிபுணனாக எஞ்சியவன் பொற்கொல்லன் ஒருவனே, களவாடியவனும் அவனே.

பின் நிகழ்ந்தது துப்பறியும் கதைகளை விரும்பிப் படிப்போர்க்கு வியப்பளிப்பது. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் எனத் தயங்கினர். உடனே பொற்கொல்லன் களவு நூல் ஒன்றையே விரித்துரைத்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்கு எண்வகைத் துணை உண்டென்றான். ஓர் இளைஞன் மழையிரவில் தன் வாளைப் பறித்து மறைந்த கள்வன் ஒருவனின் கதையைச் சொன்னான். பேச்சு இவ்வாறு நீளும்போதே, கள்ளுண்டு களித்த அறிவிலி ஒருவன் வாளை வீசினான். கண்ணெதிரே இருந்த சான்றைக் காவலர் கண்டனர். புலமை மிக்கதாய்த் தோன்றிய பேச்சு அதனை வென்றது. இன்றைய குற்றவியல் வகுப்புகளிலும் இக்காதையைப் பாடமாக வைக்கலாம்.

வழக்கு இறுதியில் தீர்ந்தது முத்தினால். கண்ணகி தன் சிலம்பின் பரல் மணி என்றாள். மன்னன் தம்முடையது முத்து என்றான். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும், தானே கள்வன் என்று கூறி அவன் வீழ்ந்தான். தேவியும் உடன் மாய்ந்தாள். பாண்டியர் முத்து என்றால் கொற்கை முத்து. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிவிட்டதால் இன்று கரையிலிருந்து விலகி உள்நாட்டு ஊராகிவிட்ட அதே கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளூஸ், கொல்கி என்று இவ்வூரைக் குறித்து, இங்கே முத்துக் குளிக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என எழுதுகிறது. பாண்டியர் தண்டித்தவர்கள் மூச்சடக்கி எடுத்த முத்தே பாண்டியன் நீதி தவறியதற்குச் சான்றாயிற்று என்று இரு நூல்களையும் இணைத்து எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. இளங்கோ அக்கிரேக்க நூலை அறிந்திருக்க வழியில்லை. இந்த இணைப்பு படிப்பவருடையதே.

கொற்கையின் பங்கு அத்துடன் முடியவில்லை. அங்கிருந்த வெற்றிவேற் செழியன், நாட்டில் மழை பொய்த்து வறுமை வந்தபோது, பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என உரைபெறு கட்டுரை கூறும். குற்றம் புரிந்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். ஆராயாமையால் நேர்ந்த ஒரு கொலைக்கு ஆராயாமலே செய்த ஆயிரம் கொலைகள் பரிகாரமாயின. இதனை விழா என்று கொண்டாடிய உரைகள் உண்டு. அவ்வாயிரவர் இல்லங்களிலும் மனைவியர் இருந்தனர் என்பதை எந்த உரையும் நினைக்கவில்லை.

ஊடலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையன்று. தமிழ் மரபில் ஊடல் ஓர் ஆராய்ச்சி முறையும் ஆகும். திருக்குறளின் 132ஆம் அதிகாரத்திற்குப் ‘புலவி நுணுக்கம்’ என்றே பெயர். அங்கே தலைவி தலைவனைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். அவன் தும்முகிறான், வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாய் மூடுமுன், எவள் நினைத்ததால் தும்மினீர் என அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கினால், மறைக்கிறீரோ என்கிறாள். நினைத்தேன் என்றால், நினைப்பதற்கு முன் மறந்தது ஏன் என்கிறாள். சிறு தடயத்திலிருந்து பெரிய முடிவுக்குத் தாவும் இக்கலையை, 1887இல் ஆங்கிலத்தில் தோன்றிய ஷெர்லாக் ஹோம்சும் பின்னர்ச் செய்து காட்டினார். அவருடைய முடிவுகள் பெரும்பாலும் சரியாகவே அமைந்தன. வள்ளுவரின் தலைவி பெரும்பாலும் தவறாகவே முடிவு செய்கிறாள். அவள் தவற்றில்தான் இன்பம் இருக்கிறது. தடயத்தைத் தவறாகப் படித்தவர்களுள் கோவலனையும் சேர்க்கலாம்: புகார்க் கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரியைக் கேட்டு, அவள் நெஞ்சில் வேறொருவன் உளன் என்று முடிவுகட்டி அவன் பிரிந்த நாளிலேயே மதுரைக் கொலைக்களத்திற்கு வழி திறந்தது. ஆக இக்காப்பியத்தில் இரு பொறாமைகள் சேர்ந்து ஒரு கொலையைச் செய்கின்றன.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டது 1892இல். இரண்டே ஆண்டுகள் கழிந்து, 1894இல், பண்டித ச.ம. நடேச சாஸ்திரி தானவன் என்னும் போலீஸ் நிபுணரின் கதைகளை வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதை அவ்வாறு தொடங்கியது. இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்பதே தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாறு எனலாம். சிலம்பிலிருந்து அது எதையும் கற்கவில்லை. மேனாட்டு முன்மாதிரிகளைக் கொண்டு வளர்ந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன் புகழ் பெற்றான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வில் கணவன் மனைவியை ஐயுறுவதே கதையின் முடிச்சு, ஆயினும் ஐயங்கார் படைத்த புகழ்மிக்க துப்பறிவாளர் திகம்பர சாமியார், துறவியின் பெயரையே தாங்கியவர். ஐயம் பிறர் வீட்டில். துப்பறிபவனுக்கு வீடே இல்லை.

மனைவி பின்னரே வந்தாள். 1940களில் தேவன் படைத்த சாம்புவுக்கு வேம்பு வாய்த்தாள். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா, ராஜேஷ்குமாரின் விவேக்கிற்கு ரூபலா. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் மணம் செய்துகொள்ளவே இல்லை. இவர்களுள் வேம்பு ஒருத்தியே ஓரளவு வீட்டின் மணம் உடையவள். நகைச்சுவைக் கதை என்பதால் தேவனுக்கு அவ்வுரிமை கிடைத்தது போலும். மற்றவர் இல்லங்களில் தேநீர் வரும், உதவி வரும், சில வேளை ஆபத்தும் வரும். ஊடல் வருவது அரிது. நள்ளிரவில் அறியாத பெண்ணொருத்தியின் தொலைபேசி அழைப்புக்கு எழுந்தோடும் கணவனை, எங்கே என்று ஒரு சொல் கேளாது வழியனுப்பும் மனைவியரை இவ்வெழுத்தாளர்கள் படைத்தனர். வள்ளுவரின் தலைவி இவர்களைக் கண்டால் நகைத்திருப்பாள்.

அந்த ஊடலை மேனாட்டில் மீட்டுத் தந்தவர், எதிர்காலத்தை எழுதிய ஐசக் அசிமோவ். எஃகுக் குகைகள் என்று பொருள்படும் தலைப்பில் 1954இல் நூலாக வெளிவந்த அவருடைய புதினத்தில், மூடிய பெருநகரில் வாழும் இலைஜா பெய்லி என்னும் காவலன் ஒரு கொலையை ஆராய்கிறான். அவனுக்குத் துணையாக வருவது மனித உருக்கொண்ட எந்திரம். கதையின் உயிர்நிலை இதுவன்று. அவன் மனைவியின் முழுப்பெயர் ஜெசபெல். விவிலியத்தில் தீயவளாகப் பெயர்பெற்ற அரசியின் பெயர். ஒழுக்கம் தவறாத அவ்வெளிய பெண்ணுக்கு அப்பெயரில் மறைவான ஒரு பெருமிதம். ஒருநாள் பூசலில் பெய்லி, அவ்வரசி உண்மையில் கணவனுக்கு உண்மையானவள், சொல்லப்படும் அளவு தீயவளல்லள் என விளக்கம் கூறிவிடுகிறான். அறிவினால் அவன் சொன்னது சரி. அதனால் அவள் மனம் ஒடிந்தது. அன்றுமுதல் அவள் வெறும் ஜெசி. அந்த வெறுமையை நிரப்ப அவள் இரகசியக் கூட்டங்களுக்குச் செல்கிறாள். கொலை விசாரணை சுற்றிச் சுற்றி அவன் வீட்டுக் கூடத்திற்கே வந்து நிற்கிறது. உலகத்தின் தடயங்களையெல்லாம் படித்தவன் மனைவியின் முகத்தைப் படிக்கவில்லை. அவளே அழுது சொல்ல அவன் கேட்கிறான். பாண்டியன் கேட்காத இடம் அது. அசிமோவின் பின்வந்த கதையில் கிளேடியா என்னும் மற்றொருத்தி வர, ஐயத்திற்குரியவன் பெய்லியே ஆகிறான்.

தமிழில் வருங்காலத்தை எழுதிய சுஜாதா வேறு வழியில் சென்றார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ கி.பி. 2021இல் நிகழ்வது, அன்று வருங்காலமாயிருந்த அவ்வாண்டு இன்று கடந்த காலம். ஜீவாவின் ஆட்சியில் குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். அவ்விசைவு கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் இல்லத்திலிருந்து சிபி என்னும் கணவன் மறைந்துபோகிறான். சங்கர்லாலோ கணேஷோ வருவதில்லை. மனைவி நிலாவே தேடிப் புறப்படுகிறாள். உடன் வருவது ஜீனோ என்னும் எந்திர நாய். அவள் காவல் துறையைச் சார்ந்தவளல்லள். ஆராயும் கல்வியும் பெற்றவளல்லள். கணவனின் பழக்கவழக்கங்களை அறிந்த ஒரு மனைவியின் அறிவே அவள் முதல் கருவி. தும்மலிலிருந்து துப்பறிந்த குறள் தலைவியின் கண் நிலாவுக்கு இருக்கிறது. கோப்பெருந்தேவியிடம் எவரும் கேளாத வினாக்களை இவள் எவரும் அழைக்காமலே கேட்கத் தொடங்குகிறாள். முதலில் நம்ப மறுக்கும் அலுவலர்களிடம். பிறகு அருகில் நடந்துவரும் நாயிடம்.