கோப்பின் சொந்தக்காரர் யார்?

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் நூலுரிமை பல கைகள் மாறி, 1949-இல் சென்னை அரசிடம் வந்தது. யார் யாரிடம் இருந்ததென்று இன்றும் சொல்ல முடிகிறது. கணிப்பொறிக் கோப்பின் கதை வேறு, வாசகரே!

1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே கோப்பின் உரிமையை மாற்றும் ‘சௌன்’ கட்டளை உண்டு; 1991-இல் பிறந்த லினக்ஸிலும் அதுவே. கோப்புடன் பதிவாவது சொந்தக்காரரின் பெயரன்று, ஓர் எண்; தலைமை நிர்வாகிக்கு 0. கட்டளையிட்டால், பழைய எண்ணின் மேலேயே புதிய எண் எழுதப்படும்.

கைதவறி முழு வட்டுக்கும் இட்டுவிட்டால்? அமைப்புக் கோப்புகளுக்கு வழியுண்டு. ஆர்.பி.எம். என்னும் நிறுவுகருவி எந்தக் கோப்பு யாருடையதெனப் பட்டியல் வைத்திருக்கிறது, அதன்படி திருத்தலாம். உரிமையை முதலில், அனுமதிகளைப் பிறகு திருத்துங்கள். உரிமை மாறுகையில் சில சிறப்பு அனுமதிகள் அழிந்துவிடும். நீங்களே எழுதிய கோப்புகளோ அந்தப் பட்டியலில் இரா. அவற்றின் பழைய உரிமையைக் குறித்துவைத்த காப்புநகல் வேண்டும்.