இரண்டு விநாடிக்குள்

துப்பறியும் கதை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒரு திருடனைத் தேடிப் புறப்படுகிறவன் வேறொரு மர்மத்தில் போய் விழுவான். நானும் அதைக் கையாண்டிருக்கிறேன். ஆனால் என் கற்பனை ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காற்று மண்டலத்திலும் ஆகாய வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று அமெரிக்காவும் ருஷ்யாவும் பிரிட்டனும் வாக்குக் கொடுத்தன. கையெழுத்திட்டவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. சந்திரனுக்குப் பின்னால் போய் வெடித்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகத்தால் அமெரிக்கர்கள் அக்டோபரிலேயே 'வேலா' என்னும் காவல் உபக்கிரகங்களை ஜோடி ஜோடியாக அனுப்பத் தொடங்கினார்கள். குண்டு வெடித்தால் காமா கதிர்கள் பாயும். அவற்றைப் பார்ப்பதே இவற்றின் வேலை.

1967 ஜூலை 2-ஆம் தேதி காமா கதிர்கள் பாயத்தான் செய்தன. ஆனால் குண்டின் கதிர் கண் இமைக்குமுன் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும். இதுவோ இரண்டு முறை எழுந்து, சில விநாடிகள் நீடித்தது. லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ரே கிளெபெசடல், ராய் ஓல்ஸன் இருவரும் 1969-ல் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. உலகத்துக்குச் சொன்னது 1973-ல்.

ராணுவம் ரகசியமென்று பூட்டி வைத்ததாகச் சொல்வதுண்டு. கதைக்கு அது நன்றாகத்தான் இருக்கும். எனக்குச் சரியாகப் படுவது வேறு. அன்றைய கிரகங்களின் கடிகாரம் போதுமான நுட்பம் உடையதல்ல. 1969-லும் 1970-லும் சென்ற புதிய ஜோடிகள் அக்குறையைத் தீர்த்தன. இரண்டு கிரகங்கள் பூமிக்கு இருபுறமும் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் விலகி நின்றால், ஒளி முதலில் எதைத் தொட்டது, அடுத்ததை எத்தனை நேரம் கழித்துத் தொட்டது என்பதிலிருந்து திசையை ஊகிக்கலாம். அப்படிப் பதினாறு வெடிப்புகளைக் கணக்கிட்டு, பூமியும் அல்ல, சூரியனும் அல்ல என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவர்கள் வாய் திறந்தார்கள். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. அத்தியாயம் முடியுமுன்னே அச்சுக்குக் கொடுக்கிறவன் நான்.

1991-ல் சென்ற காம்ப்டன் ஆகாய நிலையம் இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவற்றில் இரண்டு ஜாதிகள் உண்டென்று 1993-ல் தெரிந்தது. எல்லை, ஏறக்குறைய இரண்டு விநாடி. நீண்டவற்றுக்குக் காரணம் மாபெரும் நட்சத்திரங்களின் மரணம் என்று பின்னால் விளங்கிற்று. குறுகியவைதான் ஏய்த்துக்கொண்டே இருந்தன. 'அதோ!' என்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டால் டெலஸ்கோப்பைத் திருப்புவது எங்கே?

2004 நவம்பரில் 'ஸ்விஃப்ட்' கிளம்பியது. வெடிப்பைக் கண்டதும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தானே திரும்பும். 2005 மே 9-ஆம் தேதி ஒரு மின்வெட்டு. ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் நின்றது. ஒரு நிமிஷ நேரத்தில் ஸ்விஃப்ட் திரும்பிவிட்டது. அதன் எக்ஸ் கதிர்க் கண்ணில் விழுந்தவை மொத்தம் பதினோரு ஒளித்துகள்கள்! பதினோரு துகளை வைத்துக்கொண்டு இடத்தைக் குறித்தார்கள். பக்கத்தில் இருந்தது கிழட்டு நட்சத்திரங்கள் நிறைந்த ஓர் அண்டம். அதன் ஒளி இங்கே வர சுமார் 270 கோடி ஆண்டுகள். அத்தகைய இடத்தில் இளம் பெருநட்சத்திரம் வெடிக்க வழியில்லை. இறந்துபோன இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதியிருக்க வேண்டும் என்ற பழைய ஊகம் வலுப்பெற்றது. ஆனால் ஊகம் ஊகம்தானே?

2017 ஆகஸ்டு 17-ஆம் தேதி அமெரிக்காவில் லைகோ கருவிகள் அப்படிப்பட்ட மோதலின் ஈர்ப்பு அலையைக் கேட்டன. 1.7 விநாடி கழித்து, ஆகாயத்திலிருந்த 'ஃபெர்மி' டெலஸ்கோப் ஒரு குறுகிய காமா வெடிப்பைப் பதிந்தது. அதன் உடம்பைச் சுற்றிலும் சோடியம் அயோடைடுப் படிகங்கள் பன்னிரண்டு. கதிர் பட்டால் படிகம் மினுக்கும். எந்தப் படிகம் அதிகம் மினுக்கியது என்பதிலிருந்து திசையை உத்தேசமாகச் சொல்லலாம். அலையும் ஒளியும் 13 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து, இரண்டு விநாடிகூட இடைவெளியின்றி வந்து சேர்ந்திருந்தன.

சுமார் பதினோரு மணி நேரத்துக்குப் பின், சிலி நாட்டு லாஸ் காம்பனாஸ் மலையிலுள்ள ஒரு சிறிய டெலஸ்கோப், என்.ஜி.ஸி. 4993 என்னும் அண்டத்தின் ஓரத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தது. முதலில் அது நீலமாக இருந்தது. சில நாட்களில் சிவந்து, மங்கிப் போயிற்று.